வெளியிலிருந்து வரும் தாளம்

மெல்பர்ன் நகரின் தென்கிழக்கே செல்டனம் என்ற புறநகரில் கிங்ஸ்டன் சென்டர் என்ற முதியோர் மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. அங்கே பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் ராபர்ட் ஐன்செக்கும், லா ட்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன்முறை ஆய்வாளர் மெக் மோரிஸும் 1990களின் முற்பகுதியில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். பார்க்கின்சன் நோய் வந்தவர்கள் ஏன் சிற்றடி வைத்து, தரையைத் தேய்த்தபடி நடக்கிறார்கள்? நீள அடி வைக்கும் திறனே அவர்களுக்குப் போய்விட்டதா, அல்லது திறன் உள்ளே இருந்தும் தேவைப்படும்போது அதை அழைக்க முடியவில்லையா?

சோதனை எளிமையானது. அதே வயதும் உயரமும் உள்ள நலமான ஒருவர் வைக்கும் அடியின் நீளத்தைக் கணக்கிட்டார்கள். அந்த இடைவெளியில் தரையில் குறுக்காக வெள்ளைப் பட்டைகள் ஒட்டினார்கள். ஒவ்வொரு பட்டையிலும் கால் வைத்து நடக்கச் சொன்னார்கள். சிற்றடி வைத்துக்கொண்டிருந்தவர்கள் முழு அடி வைத்து நடந்தார்கள். மருந்தின் அளவைக் கூட்டவில்லை, அறுவை சிகிச்சை எதுவும் இல்லை. 1994-லும் 1996-லும் ‘பிரெய்ன்’ ஆய்விதழில் வெளிவந்த அந்த முடிவுகள் கேள்விக்குப் பதிலைச் சொல்லின. திறன் அழியவில்லை, அதைத் தொடங்கிவைக்கும் உள் ஏற்பாடுதான் பழுதாகியிருக்கிறது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. பட்டைகளை எடுத்த பிறகும், நீள அடியை மனத்தில் நினைத்துக்கொண்டே நடந்தவர்கள் நன்றாகவே நடந்தார்கள். கவனம் வேறொன்றில் திரும்பியதும் அடி மறுபடி சுருங்கியது.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த வெள்ளைப் பட்டைகளைப் பற்றியதுதான். பார்க்கின்சன் நோயாளிக்கு ஊரும் உறவும் அக்கம்பக்கமும் தரும் துணையை நாம் கருணைக் கணக்கில் எழுதிவைக்கிறோம். மருத்துவக் கணக்கில் எழுதவேண்டியது அது என்பது என் உறுதியான எண்ணம். உள்ளிருந்து வரவேண்டிய தூண்டுதல் குறையும்போது வெளியிலிருந்து ஒன்று வந்தாக வேண்டும். அது தரையில் ஒரு கோடாக இருக்கலாம், ஒரு தாளமாக இருக்கலாம், பக்கத்தில் கூடவே நடக்கும் ஒரு மனிதராகவும் இருக்கலாம்.

மூளையின் ஆழத்தில் அடித்தள நரம்பு முடிச்சுகள் என்றொரு தொகுதி உண்டு. கோயில் தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களின் வேலை அதற்கு. வடம் பிடிப்பவர்களிடம் வலிமை எவ்வளவு இருந்தாலும் கட்டையை எடுக்காமல் தேர் நகராது. சரியான கணத்தில் எடுக்க வேண்டும், சரியான கணத்தில் போட வேண்டும். நாம் நினைத்துக்கூடப் பார்க்காமல் செய்யும் அசைவுகள் எல்லாவற்றுக்கும், எழுந்திருப்பதற்கும் சட்டைப் பொத்தான் போடுவதற்கும் பேசும்போது கை அசைவதற்கும், அந்தக் கட்டையை எடுத்துவிடும் வேதிப்பொருள் டோபமின். நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற சிறு கருநிறப் பகுதியிலுள்ள செல்கள் அதைச் சுரக்கின்றன. கையில் முதல் நடுக்கம் தெரியும் நாளில் அந்தச் செல்களில் ஏறத்தாழ பாதி ஏற்கெனவே போயிருக்கும்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயை முதன்முதலாக முழுமையாக விவரித்தபோது ஆறு பேரைப் பற்றி எழுதினார். அவர்களில் சிலரை அவர் தெருவில்தான் கண்டார். நடையே நோயைச் சொல்லிவிட்டது. டோபமின் குறைவுதான் காரணம் என்பது 1960-இல் வியன்னாவில் உறுதியானது. மூளைக்குள் சென்று டோபமினாக மாறும் லெவோடோபாவை 1960களின் பிற்பகுதியில் மருத்துவர் ஜார்ஜ் கோட்சியாஸ் போதிய அளவில் கொடுத்துப் பலன் கண்டார். இன்றும் அதைவிடச் சிறந்த மாத்திரை இல்லை. ஆனால் செல்கள் அழிவதை அது நிறுத்துவதில்லை. உலகில் 2019-இல் 85 லட்சம் பேருக்கு மேல் இந்த நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

மருந்து ஒரு வழி. இங்கே நாம் கவனிக்க வேண்டியது இரண்டாவது வழியை. தானாகத் தொடங்கும் அசைவுக்கு அடித்தள முடிச்சுகள் வேண்டும். கண்ணோ காதோ தூண்டும் அசைவுக்கு மூளை வேறு பாதையைக் கூடுதலாகப் பயன்படுத்துகிறது. அதில் சிறுமூளைக்கும் பெருமூளைப் புறணிக்கும் பங்கு அதிகம். அந்தப் பாதை பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. நெதர்லாந்தின் நைமேகன் நகர மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட காணொளியில் 58 வயது மனிதர் ஒருவர் வருகிறார். நாலு அடி நடக்கத் தொடங்கினாலே அவர் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன, விழுந்துவிடுகிறார். அவரையே மிதிவண்டியில் ஏற்றிவிட்டால் தெருவில் சீராக ஓட்டிச்சென்று திரும்பி வருகிறார். பெடலின் சுழற்சியே அவருக்குத் தாளம் என்பது மருத்துவர்கள் சொன்ன ஒரு விளக்கம்.

கால் ஒட்டிக்கொள்வதற்கு ‘உறைதல்’ என்று பெயர். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சைமன் லூயிஸின் குழு இதைத்தான் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. நடந்துகொண்டிருப்பவரின் மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்ய முடியாது. எனவே எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்தபடி, கண்முன் தெரியும் நடைவழியில் கால் பெடல்களை மிதித்து ‘நடக்கும்’ ஏற்பாட்டை அவர்கள் செய்தார்கள். வாசல் வந்தாலோ, மூளைக்கு வேலை கூடினாலோ பெடல் மிதிப்பு தடுமாறியது. வாசல், குறுகிய இடம், திரும்புதல், அவசரம், நடக்கும்போதே கேட்கப்படும் கேள்வி: உறைதலைக் கொண்டுவருபவை இவைதான்.

இதைப் படித்துவிட்டு சிட்னியின் மேஸ் ஹில் முருகன் கோயிலில் ஒரு தைப்பூச நாளை நினைத்துப் பாருங்கள். காலணியைக் கழற்றக் குனிய வேண்டும். வாசலில் நெரிசல். பின்னால் வருபவர் “கொஞ்சம் தள்ளுங்கோ” என்கிறார். தெரிந்தவர் ஒருவர் எதிரே வந்து “எப்படி இருக்கிறீர்கள் ஐயா?” என்கிறார். உறைதலுக்கு வேண்டிய அத்தனையும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன. ஐயா வாசலில் அப்படியே நின்றுவிடுவார். மகன் கையைப் பிடித்து இழுப்பார். இழுத்தால் உடல் முன்னே வரும், கால் வராது, அவர் விழுவார். இழுக்கக் கூடாது. நிற்க விட வேண்டும். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மெல்ல மாற்றச் சொல்ல வேண்டும். “ஒன்று, இரண்டு” என்று எண்ணலாம். நம் பாதத்தை அவர் காலுக்கு முன்னே குறுக்காக வைத்து “இதைத் தாண்டுங்கள்” என்றால் பலர் தாண்டிவிடுவார்கள். செல்டனத்து வெள்ளைப் பட்டைக்குப் பதிலாக இங்கே நம் பாதம். கோயில் தொண்டர்கள் நாலு பேருக்கு இது தெரிந்திருந்தால், திருவிழா நாளில் வீட்டிலேயே இருந்துவிடும் எத்தனையோ பேர் வெளியே வருவார்கள்.

வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் நம்மவர்களிடம் நான் அதிகம் கவலைப்படும் விஷயம். 2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000-க்கும் மேல். யாழ்ப்பாணத்திலிருந்து 1980களில் வந்தவர்களில் பலர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த பெற்றோர் டூங்காபியிலும் பெண்டில் ஹில்லிலும் டாண்டனாங்கிலும் வாழ்கிறார்கள். கார் ஓட்டாதவருக்கு அந்தப் புறநகர்களில் வீட்டு வாசலோடு உலகம் முடிகிறது. அங்கே அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கினால் குடும்பம் காட்டும் அன்பு ஒரே மாதிரியானது. சட்டைப் பொத்தானை மருமகள் போட்டுவிடுவார். தேநீர்க் கோப்பையை மகள் நீட்டுவார். “நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.” விருந்தாளி வந்தால் நடுங்கும் கை சால்வைக்குள் போய்விடும், அல்லது அப்பாவே அறைக்குள் போய்விடுவார்.

இந்த அன்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதன் விளைவைச் சொல்லத்தான் வேண்டும். பயன்படுத்தாத அசைவு சுருங்குகிறது. சுருங்குவது நோயாளிக்கே தெரிவதில்லை என்பது இந்த நோயின் கொடிய பக்கம். தான் வழக்கம்போலப் பெரிய எழுத்தில் எழுதுவதாகவே அவர் நினைக்கிறார். தாளில் எழுத்து வரிக்கு வரி சிறுத்துப்போகிறது. வழக்கமான குரலில் பேசுவதாக நினைக்கிறார். கேட்பவருக்குக் கிசுகிசுப்பாக விழுகிறது. உள்ளே இருக்கும் அளவுகோலே சுருங்கிவிட்டது. “அப்பா இப்போதெல்லாம் பேசுவதே இல்லை” என்று வீட்டில் சொல்கிறார்கள். அவர் பேசுகிறார். நாலு முறை “என்ன? என்ன?” என்று கேட்டபின் நிறுத்திவிடுகிறார். முகத் தசைகளும் இறுகிவிடுவதால் கோபமாகவோ அக்கறையற்றோ இருப்பதுபோல் தோன்றுகிறார். பேரன் கிட்டே வருவதைக் குறைக்கிறான். சிரிப்பு உள்ளே இருக்கிறது, முகத்துக்கு வருவதில்லை. இதைப் பேரனுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

குரலுக்கு மெல்பர்னில் நடந்த ஒரு வேலை என்னை மிகவும் கவர்ந்தது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் இசைச் சிகிச்சையாளர் ஜெனட் டாம்ப்ளினும் உடன் பணியாற்றியவர்களும் ‘பார்க்கின்சாங்’ என்ற பாட்டுக் குழுக்களை அமைத்தார்கள். பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மூச்சுப் பயிற்சி, உரத்த குரல் பயிற்சி, பிறகு எல்லோரும் சேர்ந்து பாட்டு, அதன்பின் ஒருவரோடொருவர் பேசுவதற்கென்றே ஒதுக்கிய நேரம். வாரந்தோறும் கூடிய குழுக்களும் மாதமொருமுறை கூடிய குழுக்களும் இருந்தன. பாடாமல் வேறு செயல்களில் ஈடுபட்ட குழுக்களோடு ஒப்பிட்டு, 75 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனையின் முடிவு 2020-இல் வந்தது. பாடியவர்களின் குரல் வலிமை கூடியிருந்தது. திறன்கள் தாமாகக் குறைந்துகொண்டே போகும் நோயில் ஓராண்டு கழித்து எந்த ஏற்றமும் சிறிய செய்தி ஆகாது.

ஏன் குழுவாகப் பாட வேண்டும்? தனியே பாடும்போது அளவுகோல் தன் காது மட்டும்தான், அதுவோ பழுதாகிவிட்டது. பக்கத்தில் இருபது பேர் உரக்கப் பாடும்போது வெளியே ஓர் அளவுகோல் கிடைக்கிறது. அடுத்த சொல் எப்போது என்று தாளம் சொல்லிவிடுகிறது, தொடங்கும் சுமை குறைகிறது.

இதைச் செய்ய நம்மிடம் எல்லாம் இருக்கிறது. பஜனை என்பது ஒருவர் எடுத்துக்கொடுத்து மற்றவர்கள் உரக்கத் திருப்பிப் பாடுவது, கையில் ஜால்ரா. கும்மியும் கோலாட்டமும் எதிரே இருப்பவரின் அசைவைப் பார்த்து நம் அசைவைத் தொடங்குவது. சிட்னியிலும் மெல்பர்னிலும் பரதநாட்டியப் பள்ளிகளுக்குக் குறைவில்லை. தட்டடவில் காலை உயர்த்தித் தரையில் தட்டி வைப்பது, சொற்கட்டின் காலத்துக்குச் செய்வது. நியூயார்க்கில் மார்க் மோரிஸ் நடனக் குழு 2001-இல் பார்க்கின்சன் நோயாளிகளுக்கென வகுப்பு தொடங்கியது. அதன் வழியில் ஆஸ்திரேலியாவிலும் வகுப்புகள் நடக்கின்றன. அந்த வகுப்புகளின் பலன் பரதத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று சோதனை இல்லாமல் சொல்லிவிடக் கூடாது. ஆனால் ஓர் இயன்முறை மருத்துவரும் ஒரு நடன ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து, நாற்காலியில் இருந்தபடியே செய்யக்கூடிய அடவுகளைத் தேர்ந்தால், தொடங்குவதற்கு வேறென்ன வேண்டும்?

அரசு தருவதற்கு எல்லை உண்டு. குடும்ப மருத்துவர் எழுதிக்கொடுக்கும் நாள்பட்ட நோய்த் திட்டத்தின்கீழ் இயன்முறை, பேச்சுப் பயிற்சி போன்றவற்றுக்கு மெடிகேர் உதவி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 5 சந்திப்புகள்தான். 65 வயதுக்கு முன் விண்ணப்பிப்பவருக்கு என்.டி.ஐ.எஸ். என்ற தேசிய ஊனமுற்றோர் காப்புத் திட்டம் உண்டு. அதற்குக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ வேண்டும், தற்காலிக விசாவில் வந்த பெற்றோருக்குக் கிடையாது. 65-ஐக் கடந்தவர்கள் ‘மை ஏஜ்டு கேர்’ என்ற அரசின் முதியோர் சேவை வழியாகப் போக வேண்டும். உடற்பயிற்சியோ இந்த நோயில் ஆண்டுக்கு 5 நாள் செய்யும் காரியம் ஆகாது, வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டியது. சிட்னி இயன்முறை மருத்துவர்கள் உருவாக்கிய ‘பி.டி. வாரியர்’ பயிற்சியின் அடிப்படையே பெரிய, வேகமான, கடினமான அசைவுகளை விடாமல் செய்வதுதான். விடாமல் செய்ய வைப்பது யார்? அடுத்த வியாழக்கிழமை உங்களை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஆறு பேர்.

இதிலும் கவனம் வேண்டும். சிட்னிப் பல்கலைக்கழகத்தின் கொலீன் கானிங் குழு 231 பேரிடம் ஆறு மாதம் சமநிலை, கால் வலிமைப் பயிற்சி கொடுத்துப் பார்த்த முடிவு 2015-இல் வந்தது. பெரும்பகுதிப் பயிற்சி வீட்டில், குறைந்த மேற்பார்வையில். மொத்தமாகப் பார்த்தால் விழுதல் குறையவில்லை. நோய் தொடக்க நிலையில் இருந்தவர்களிடம் மட்டும் விழுதல்கள் மூன்றில் ஒன்றாகக் குறைந்தன. நோய் முற்றியவர்களுக்குப் பலன் இல்லை. ஆகவே சீக்கிரம் தொடங்க வேண்டும். முற்றியவர்களைத் தனியே பயிற்சி செய்ய விடாமல் பக்கத்தில் தேர்ந்த ஒருவர் நிற்க வேண்டும். “அவருக்கு இன்னும் அவ்வளவு மோசமாகவில்லையே, பிறகு பார்க்கலாம்” என்று குடும்பங்கள் தள்ளிப்போடும் காலம்தான் பயிற்சி அதிகம் பலன் தரும் காலம்.

நியூ சவுத் வேல்ஸில் ‘பார்க்கின்சன்ஸ் என்.எஸ்.டபிள்யூ.’ என்ற அமைப்பும், விக்டோரியாவில் முன்பு ‘பார்க்கின்சன்ஸ் விக்டோரியா’ என்றிருந்து இப்போது ‘ஃபைட் பார்க்கின்சன்ஸ்’ எனப் பெயர் மாறிய அமைப்பும் ஊர் ஊராகத் துணைக் குழுக்களை நடத்த உதவுகின்றன. தொலைபேசியில் ஆலோசனையும் கிடைக்கும். நூலக அறையிலோ சமூக மண்டபத்திலோ மாதமொருமுறை கூடுவார்கள். பார்ப்பதற்குத் தேநீரும் பிஸ்கட்டும் பேச்சும்தான். ஆனால் பதினைந்து நிமிட மருத்துவர் சந்திப்பில் இடம்பெறாத அறிவு அங்கேதான் கைமாறுகிறது.

உதாரணமாகச் சாப்பாடு. லெவோடோபா குடலிலிருந்து இரத்தத்துக்கும் இரத்தத்திலிருந்து மூளைக்கும் போகும் வழியைப் புரதத்தின் அமினோ அமிலங்களும் பயன்படுத்துகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் போட்டி. சாம்பாரும் மீன் குழம்பும் தயிரும் உண்டு முடித்த கையோடு மாத்திரை போட்டால் சிலருக்கு அது பலிக்காமலே போகும். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே போட்டுக்கொள்வது பொதுவான அறிவுரை. இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது. ஆங்கிலம் பேசும் குழுவில் மாட்டிறைச்சியும் பாலாடைக்கட்டியும் பற்றிப் பேச்சு வரும். பருப்பையும் இட்லியையும் பற்றி யார் சொல்வார்கள்? பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. ஊரிலிருந்து பொடி வரவழைத்து மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையோடு சேர்த்து உண்பது, அளவு தெரியாமல் மருந்தை இரட்டிப்பாக்குவது. தமிழ்க் குழு ஒன்றில்தான் இந்தக் கேள்வி எழும், பதிலும் கிடைக்கும்.

வாய்விட்டுச் சொல்லக் கூசும் விஷயங்களும் உண்டு. டோபமினைப் போலச் செயல்படும் சில மருந்துகள் ஒரு பகுதியினரிடம் அடக்க முடியாத உந்துதலைத் தூண்டும்: சூதாட்டம், செலவு, காமம். நியூ சவுத் வேல்ஸில் கிளப்தோறும் போக்கி எனும் சூதாட்ட இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. வாழ்நாளெல்லாம் சிக்கனமாக இருந்தவர் சேமிப்பைக் கரைத்தால் குடும்பம் அதை ஒழுக்கக் கேடாகப் பார்க்கிறது. மருந்தை மாற்றினால் பெரும்பாலும் அடங்கக்கூடியது அது. அதேபோல், அறையில் யாரோ சிறுவர்கள் நிற்பதாக ஒருவர் சொன்னால் பேய்க் கோளாறு என்று மந்திரிக்கப் போவதற்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இல்லாத உருவங்களை நோயும் காட்டக்கூடும், மருந்தும் காட்டக்கூடும். இதையெல்லாம் மருத்துவரிடம் மொழிபெயர்ப்பது மகளாக இருந்தால் தந்தை சொல்ல மாட்டார். அரசின் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் உண்டு. முன்பதிவின்போதே “தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும்” என்று கேட்பது நம் உரிமை.

நல்ல குழுக்களில் சில வேளை பராமரிப்பவர்கள் மட்டும் தனியே உட்காருவார்கள். பெரும்பாலும் மனைவியர். அங்கே ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்வார்: இரவில் கணவர் கத்துகிறார், உதைக்கிறார், ஒருநாள் கழுத்தில் அடி விழுந்தது, பல வருடங்களாக வேறு அறையில் படுக்கிறேன். அடுத்து இருப்பவர் தன் வீட்டிலும் அதேதான் என்பார். கனவு காணும் தூக்கத்தில் உடல் அசையாதபடி மூளை போட்டுவைக்கும் பூட்டு இவர்களுக்குக் கழன்றுவிடுகிறது. கனவில் துரத்துபவரை அடிப்பதாக நினைத்துப் பக்கத்தில் படுத்திருப்பவரை அடிக்கிறார்கள். கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது தொடங்கிவிடக்கூடும், அதனால் திருமண வாழ்வின் மனக்கசப்பாகவே இவ்வளவு காலம் அதைச் சுமந்திருப்பார்கள். மெலடோனின், குளோனசெபாம் ஆகிய மருந்துகளால் பலருக்கு இது கட்டுப்படும். கட்டிலைச் சுற்றிக் கூர்மையான பொருள்கள் இல்லாமல் பார்த்துக்கொள்ளவும், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது முதல் விஷயமாக இதைச் சொல்லவும் குழுவுக்கு வந்திருக்கும் செவிலியர் அங்கேயே எழுதிக்கொடுப்பார்.